தங்கவயலுக்குக் கல்யாணம் விளிக்கப் போனது

ஜூன் 3, செவ்வாய். நாகர்கோவில்

அச்சகத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது. செய்தி ஆசிரியர் பார்ப்பதுபோல் ஒரு முறை, பெண்ணின் அப்பா பார்ப்பதுபோல் ஒரு முறை படித்தேன். மணமகள் அஸ்வதி, மணமகன் கொட்டாரம் நிதின். ஆவணி 12, வியாழக்கிழமை. தாய்மாமன் என்ற இடத்தில் தாணுலிங்கம், பூதப்பாண்டி. பிழை ஒன்றும் இல்லை.

அழகி முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவி சாமி முன்னால் வைத்தாள். இரண்டாவதற்கும் மஞ்சள் தடவினாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அது யாருக்கு?"

"அக்காவுக்கு."

என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

ஜூன் 4

நேற்று எழுதியதைப் படித்தேன். பாதிச் செய்தி. பின்புலம் இல்லாமல் ஒரு நிருபர் இப்படி எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

என் மனைவி அழகியின் அக்கா நீலம்மை. என் மாமனார் கோலார் தங்கவயலில் தொழிலாளர் வருகை எழுதுகிற டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தார். பிள்ளைகள் மூவரும் அங்கேயே பிறந்தார்கள்: நீலம்மை மதினி, அழகி, கடைசியில் தாணுலிங்கம். எழுபத்தொன்பதில் மதினி தங்கையனைக் கல்யாணம் செய்துகொண்டார். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அவருக்கு. பூர்வீகம் மார்த்தாண்டம் பக்கம், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். மாமனார் மூத்த மகள் இல்லை என்று சொல்லித் தலை முழுகினார். மறுவருடம் வேலையை விட்டுவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு பூதப்பாண்டிக்கு வந்துவிட்டார்.

மாமியார் இறந்தது தொண்ணூற்றாறில். அதற்கு முந்தின வாரம் அழகியின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். அவ வாசல் நடையை நீ மிதிக்கப்படாது. நம்ம நடையை அவ மிதிக்கப்படாது. அழகி சரி என்றாள். சாகப்போகிறவரிடம் வேறு என்ன சொல்வாள்?

அடுத்த கோடையில் மதினி நான் வேலை பார்த்த நாளிதழ் அலுவலகத்துக்கு போன் செய்தார். அதுவரை நான் அவர் குரலைக் கேட்டதில்லை. "நடை மிதிக்கப்படாதுன்னு தானே சத்தியம்? பார்க்குக்கு ஏது நடை? இரும்புக் கேட்டுதானே இருக்கு?" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. முதல் தடவை திண்டுக்கல். பிறகு கரூர், நாமக்கல், சேலம், திருப்பத்தூர். அவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் ஏதாவது ஓர் ஊர், அங்கே நகராட்சிப் பூங்கா. வருடத்துக்கு ஒரு நாள். அக்காவும் தங்கையும் ஒரு பெஞ்சில், தங்கையனும் நானும் இன்னொன்றில். அஸ்வதிக்கு அப்போது இரண்டு வயது. விவரம் தெரிந்ததும் அவள் வைத்த பெயர் பார்க் பெரியம்மை.

சின்ன ஊர்ப் பூங்காக்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு எந்த ஆணையருக்கும் தெரியாது. சறுக்குமரத்தில் ஓட்டை விழுந்தால் தகரம் அடிப்பார்கள். சிமெண்ட் மானுக்குக் கொம்பு இருக்காது. நடுவில் பழைய ரேடியோ ரூம் ஒன்று நிற்கும். இப்போது அதில் விளக்குமாறும் பிளீச்சிங் பவுடரும். மத்தியானம் காவலாளி விசிலடித்து எல்லோரையும் வெளியே அனுப்புவான். நாமக்கல்லில் அப்படி வெளியே வந்து சுவர் ஓரத்தில் நின்றுகொண்டே இட்லி தின்றோம். மதினி சிரித்த சிரிப்பில் புரையேறி, அழகி அவர் தலையில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசியாகப் பார்த்தது திருப்பத்தூரில், மூன்று வருடம் முன்பு. அதன்பின் மதினிக்கு முட்டு வலி. ரயில் படி ஏற முடியாது.

ஜூன் 8, ஞாயிறு

தாணுலிங்கம் வந்தான். வயல் நடவுக்குத் தண்ணீர் திறந்ததைப் பற்றிப் பேசினான், மண்டபத்துக்கு வாழை கட்டுவது தன் பொறுப்பு என்றான். காப்பி குடித்தான். பிறகு பத்திரிகைக் கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"அத்தான், கோலாருக்கும் ஒண்ணு போவுதுன்னு கேட்டேன்?"

"யார் சொன்னா?"

"அஸ்வதி. அவ பெங்களூருல இருந்து போன்ல சந்தோஷமா சொல்லுகா. அத்தான், அப்பா தலை முழுகின ஆளு. நான் எப்பிடி நேருக்கு நேர் நிப்பேன்? அவ வந்தா நான் வரல்ல. வேற யாரையாவது வச்சு மாமன் மாலை போடுங்க."

அடுக்களையிலிருந்து அழகி வெளியே வந்தாள். "ஏலே, அவ உன்னை இடுப்புல வச்சித் தூக்கி வளத்தவ."

"அதனால தான் சொல்லுகேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. அவன் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 9

பெண்ணுக்குத் தாய்மாமன் இருந்தும் மாலை போட வராத கல்யாணம் எங்கள் ஊரில் எத்தனை வருடத்துக்குப் பேச்சாக இருக்கும் என்று அழகிக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஜூன் 13

அழகி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் நெருங்கிய சொந்தத்தைக் கல்யாணத்துக்கு விளிப்பது என்றால் நேரில் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் பத்திரிகை வைத்து, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். போனில் சொல்வதோ வாட்ஸப்பில் படம் அனுப்புவதோ கணக்கில் வராது. சரி, நாம் கோலாருக்கே போவோம். அக்கா வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் வைத்துக் கொடுப்போம். நேரில் விளித்த மாதிரியும் ஆயிற்று, சத்தியமும் போகவில்லை.

"எப்பிடி?" என்று கேட்டாள்.

நல்ல யோசனை என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் 17. ரயில்

ஐலண்ட் எக்ஸ்பிரஸ். பாலக்காடு தாண்டும்வரை அழகி ஜன்னலிலேயே இருந்தாள். தட்டைச் சேலைக்குள் சுற்றிப் பைக்குள் வைத்திருக்கிறாள். ஊரை விட்டு வந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. அதன்பின் தங்கவயலைப் பார்க்கவில்லை.

"சங்கு ஊதும்" என்றாள் திடீரென்று. "ஷிப்டு மாறும்போ. அதைக் கேட்டுதான் அம்மை அடுப்புல உலை வைப்பா. எங்க வீட்ல கடிகாரம் எதுக்குன்னே எனக்குத் தெரியாது."

ஜூன் 18, புதன். ராபர்ட்சன்பேட்டை

விடியற்காலை பங்காருப்பேட்டையில் இறங்கி, கிளைப் பாதையில் போகிற பாசஞ்சர் ரயில். கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், கடைசியில் மாரிக்குப்பம். ஒவ்வொரு நிலையப் பலகையையும் அழகி ரயிலுக்கு முந்திச் சொன்னாள். வெளியே சாம்பல் நிறத்தில் மேடுகள், செடி முளைக்காதவை. பொன்னைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். ஊர்க்காரர்கள் சயனைடு மேடு என்கிறார்கள். சுரங்கம் மூடி இருபத்துநாலு வருடம். மேடு மட்டும் அப்படியே இருக்கிறது.

லாட்ஜில் குளித்துவிட்டு, சாயங்காலம் பூங்காவுக்குப் போனோம். இருபத்தெட்டு வருடமாகப் பார்த்த பூங்காக்களில் இதுவே சிறியது. நாலு பெஞ்சு, ஒரு வேம்பு, கயிறு அறுந்த ஊஞ்சல் இரண்டு, கம்பி வேலிக்குள் நுழைந்துவிட்ட ஆடு ஒன்று. மதினி தடியூன்றி வந்தார், பின்னால் தங்கையன். மதினி தலை முழுவதும் நரைத்திருந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். பின்பு உட்கார்ந்து முட்டு வலிக்கு என்ன தைலம் என்று பேசத் தொடங்கினார்கள். எப்போதும் அப்படித்தான்.

பிறகு அழகி பையைத் திறந்து தட்டை எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, பத்திரிகை. எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இது என்னதுட்டி?"

"அஸ்வதிக்குக் கல்யாணம். விளிக்க வந்தேன், அக்கா. நீயும் அத்தானும் வரணும்."

மதினி தட்டைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"இஞ்ச வச்சா விளிக்க? அந்தா ஒரு ஆடு நிக்கி. அதுக்கும் ஒண்ணு குடு."

"அக்கா..."

"பேசுகதுக்கு பார்க்கு போதும் மக்கா. நீ எந்த ஊரு சொன்னாலும் வந்தேன். வெயில்ல கெடந்தேன். நாமக்கல்லுல விசிலடிச்சு வெரட்டினான், சிரிச்சேன். ஆனா கல்யாணம் விளிக்கது வீட்ல வந்து. எனக்கும் ஒரு வீடு உண்டு. அதுக்கு ஒரு நடையும் உண்டு."

"அம்மைக்கிட்ட சத்தியம் பண்ணினது உனக்குத் தெரியாதா?"

"அப்போ சத்தியத்தை வச்சுக்க. பத்திரிகையையும் சேத்து வச்சுக்க."

குரலை உயர்த்தவில்லை. தடியை ஊன்றி எழுந்தார். தங்கையன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அழகி தட்டோடு நின்றுகொண்டே இருந்தாள். ஆடு வந்து ஒரு வெற்றிலையை இழுத்துக்கொண்டு போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

நானும் தானே நல்ல யோசனை என்றேன். எங்கள் ஆட்கள்தான் இப்படிச் செய்வோம். முறையில் ஒரு அட்சரம் விடாமல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வருவோம், கொடுக்க வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிடுவோம்.

ஜூன் 19

காலையில் தங்கையன் ஆட்டோ கொண்டுவந்தார். மதினி வரவில்லை. "அவளுக்கு முட்டு நோவுது, நடக்கப் பாடில்ல, சாரே" என்றார். அது பொய் என்று நால்வருக்கும் தெரியும்.

சுரங்கத்துக்குள் விடுவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். இரும்புக் கோபுரம், உச்சியில் பெரிய சக்கரம். அதில் சுற்றிய கம்பி வடத்தில்தான் கூண்டு கீழே போகும், மூவாயிரம் மீட்டருக்கு மேல். கீழே போனால் பாறையே சுடும் என்றார் தங்கையன். அவர் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். நெஞ்சில் கல்தூசு. "மரம் முறியுகதுக்கு முன்ன சத்தம் கொடுக்கும், சாரே. பாறை கொடுக்காது. அது நேரா வெடிக்கும்."

அழகி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "வெடிச்சா மேல தட்டெல்லாம் குலுங்கும். எல்லாப் பொம்பளைகளும் வெளிய வந்து இந்தச் சக்கரத்தைப் பாத்துட்டு நிப்பாவ."

பின் தான் பிறந்த குவார்ட்டர்ஸைத் தேடினாள். கூரை இல்லை. சுவர் இருந்தது, அடுப்புப் புகை படிந்த மூலை இருந்தது. அங்கே நின்று தங்கையனிடம் கேட்டாள்.

"அத்தான், எனக்கு ஒம்பது வயசு இருக்கும். ஒரு மத்தியானம் பெருசா வெடிச்சுது. அம்மை என்னையும் கூட்டிட்டு ஒரு வீட்டுக்கு ஓடினா. அங்க ஒரு படம், ஏசுவுக்க நெஞ்சுல செவப்பு பல்பு எரியும். ஒரு அம்மா சுவர்ல சாஞ்சு அழுதுட்டே இருந்தாவ. எங்கம்மை அவங்க தலையை மடியில வச்சிருந்தா. அங்க தான் எனக்குக் கட்டன்காப்பியும் கிழங்கும் தந்தாவ. அது யாருக்க வீடு?"

தங்கையன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அது எங்க வீடு, மக்கா. அழுதது எங்க அம்மை. அப்பா அன்னைக்கு உள்ள இருந்தாவ. மறுநாள் தான் வெளிய எடுத்தாவ. அதுவரைக்கும் உங்கம்மை எங்க வீட்ட விட்டுப் போகல்ல. எனக்கும் சோறு ஊட்டினா. எனக்கு அப்போ மீசை முளைச்சிருந்துது, வெக்கமா இருந்துது."

இத்தனை வருடம் பூங்காப் பெஞ்சுகளில் இந்த மனிதரோடு உட்கார்ந்திருக்கிறேன். மழை, தேர்தல், மருந்து எல்லாம் பேசியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. கேட்கிற தொழிலில் இருந்தவன், நானும் கேட்டதில்லை.

மதினி வீடு அங்கிருந்து இரண்டு தெரு. இப்போதே போகலாமே என்றேன். அழகி தலையாட்டினாள். "இப்பிடிக் கைய வீசிட்டா? அவ நேத்து வாங்காத தட்டைத் தூக்கிட்டா? முதல்ல தாணுக்கிட்டச் சொல்லணும். மறைச்சு ஒண்ணும் வேண்டாம்."

மாலை ரயில்.

ஜூன் 22, ஞாயிறு

பூதப்பாண்டி. கோயில் பக்கத்தில் தாணுலிங்கம் வீடு. அழகி அந்த மத்தியானத்தைப் பற்றி முழுக்கச் சொன்னாள்.

"எனக்கு அப்போ நாலு வயசு, ஒண்ணும் ஓர்மையில்ல" என்றான். "அம்மை போயிருப்பா. இல்லேன்னு சொல்லல்ல. ஆனா சத்தியம் வாங்கினதும் அம்மை தானே அக்கா?"

"சாகப் போறப்போ உள்ளவளும் அம்மை. எனக்க ஒம்பது வயசுல உள்ளவளும் அம்மை. ரெண்டு பேர்ல நான் யார் சொல்லுகதைக் கேக்கட்டும்? நீ சொல்லு."

அவன் வாசல் வரை வந்து வழியனுப்பினான். "மாலைக்கு ஆள் பாத்துக்கிடுங்க" என்றான், என்னிடம், மெதுவாக.

திரும்பும்போது பேருந்தில் அழகி அழுதாள். நான் ஜன்னலைப் பார்த்தபடி என்னையே திட்டிக்கொண்டேன். ஏன்டா உனக்கு ஒரு வார்த்தை வரல்ல? என்ன சொல்லியிருக்கலாம்? போ என்றா, வேண்டாம் என்றா? போ என்று சொல்லியிருக்கணும்.

ஜூன் 23

போ என்று சொன்னேன். "டிக்கெட் நேத்தே எடுத்தாச்சு" என்றாள்.

ஜூலை 1

அழகி தனியாகப் புறப்பட்டாள். முதல் முறை. புதிய தட்டு, புதிய வெற்றிலை. நானும் வருகிறேன் என்றதற்கு, "நீங்க வேண்டாம், நீங்க வந்தா பேச்சு பார்க்குல இருக்க மாதிரியே இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது மட்டும் என் வேலை.

ஜூலை 2

மத்தியானம் வரை போன் இல்லை. நான் சோறு வடிக்கப்போய் கஞ்சியாக்கினேன்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. அழகிதான். ஆனால் என்னோடு பேசவில்லை, யாரோடோ சண்டை. "அதுல தேங்கா அரைச்சு விடணும்... நீ இந்த ஊருல இருந்து எல்லாத்தையும் மறந்துட்ட!" பின்னால் மதினி குரல்: "எனக்க அடுக்களையில எனக்கே பாடம் எடுக்கியா? எந்திச்சு அந்தால இரி."

"இஞ்சேருங்க" என்றாள் அழகி. "கேக்குதா?"

"கேட்குது."

"வாங்கிட்டா. ரெண்டு கையாலயும். நீங்க சாப்பிட்டியளா?"

சாப்பிட்டேன் என்றேன். ஒரு வாரம் கழித்துத்தான் வருவாளாம்.

ஜூலை 5

அஸ்வதி போன் செய்தாள். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த இந்த மூன்று வருடத்தில் மாதம் ஒரு ஞாயிறாவது பார்க் பெரியம்மை வீட்டில்தான் சாப்பாடாம். "அம்மா சத்தியம் பண்ணினா. நான் பண்ணலியே" என்றாள். இந்த வீட்டில் ஒரு செய்தி ஆசிரியர் இருக்கிறார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதினியும் தங்கையனும் காரில் வந்து இறங்கினார்கள். எங்கள் நடைக்கு இரண்டு படி. முட்டு வலி என்பதால் அழகி ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்தோம். ஏறியதும் மதினி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "பெஞ்சு உண்டா, இல்ல நாற்காலி தானா?" என்றார். தங்கையன் சிரித்து இருமி, பிறகு இருமல் நிற்க நெடுநேரம் ஆயிற்று.

தாணுலிங்கத்திடமிருந்து செய்தி எதுவும் இல்லை. மண்டபத்துக்கு வாழை மட்டும் வந்து இறங்கியிருக்கிறது, சொன்னபடி.

ஆகஸ்ட் 28, வியாழன். ஆவணி 12

மாலை போட அழகி வீட்டுப் பங்காளி ஒருவரைத் தயாராக வைத்திருந்தோம். அவர் எழுந்து சட்டையைக் கழற்றும்போது பின்வரிசையிலிருந்து தாணுலிங்கம் வந்தான். எப்போது வந்து உட்கார்ந்தான் என்று யாருக்கும் தெரியாது. மாலையை வாங்கி அஸ்வதி கழுத்தில் போட்டான். அவள் அவன் காலில் விழுந்தாள். மூன்றடி தள்ளி நீலம்மை மதினி நின்றுகொண்டிருந்தார். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மதினியும் கூப்பிடவில்லை. தாலி கட்டி முடிந்ததும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 29

எழுத விட்டுப்போனது. நேற்றுப் பந்தி முடியும் நேரம் மதினி சமையல்காரரிடம் ஒரு தூக்குப்பாத்திரம் கேட்டு வாங்கி, தானே நிரப்பினார். அடியில் சோறு, அதற்குமேல் தட்டில் அவியல், எரிசேரி, மேல்தட்டில் அடைப்பிரதமன் பாயசம். என்னிடம் நீட்டினார். "அவனுக்குப் பிரதமன்னா உயிரு. சின்னதுலயே."

பூதப்பாண்டிக்கு எடுத்துப் போனேன். தாணுலிங்கம் வாசலில் நின்றிருந்தான். யார் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பாத்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உள்ளே கொண்டுபோனான்.

செப்டம்பர் 6, சனி

மதினியும் தங்கையனும் இன்னும் இங்கேதான். ஓணம் முடிந்து போகலாம் என்றார்கள், முடிந்துவிட்டது, போகிற பேச்சு இல்லை. தங்கையனும் நானும் காலையில் வேப்பமூடு பூங்காவுக்குப் போய்வருகிறோம். பெண்கள் வருவதில்லை. அவர்களுக்கு வீட்டில் வேலையிருக்கிறதாம்.

சமையல்காரர் இன்று தூக்குப்பாத்திரத்தைக் கேட்டுப் போன் செய்தார். தாணுலிங்கத்திடமிருந்து அது இன்னும் வரவில்லை. போய் வாங்கிவரட்டுமா என்றேன்.

மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "வேண்டாம். அவனே கொண்டு வரட்டு. அந்தச் சமையக்காரருக்குப் புதுசு ஒண்ணு வாங்கிக் குடுங்க."